உழவன் சொல்லும் பிரபுவின் வம்சாவளியும்

சொற்களின் பிறப்பை ஆராய்வது பண்டிதர்களின் தனியுரிமை என்றும், அன்றாட வாழ்வின் இன்பதுன்பங்களுக்கும் அவ்வாராய்ச்சிக்கும் தொடர்பில்லை என்றும் கருதுவோர் நம்மிடையே பலர் உளர். அகராதிகளும் இலக்கண நூல்களும் தூசி படிந்த அலுமாரிகளிலே உறங்குவதைக் காணும் வாசகன் அவ்வாறு எண்ணுவதில் வியப்பில்லை. ஆயினும், ஒரு சொல்லின் வேரைத் தேடிப் புறப்படுபவன் எதற்காகத் தேடுகிறான், தேடிக் கண்டதை எவருடைய நலனுக்குப் பயன்படுத்துகிறான் என்று வினவியதும் அகராதியின் அமைதி கலைந்துவிடுகிறது. சொல்லின் வரலாறு அதனைப் பேசியவர்களின் வரலாறாகவும், அதனைத் தம்முடைமையாக்க முயன்றவர்களின் வரலாறாகவும் விரிகிறது.

இவ்வுண்மையை விளக்குதற்கு இலத்தீன் மொழிக்கும் பால்டிக் மொழிகளுக்கும் இடையேயுள்ள சொல்லொப்புமை மிகப் பொருத்தமான சான்றாகும். பால்டிக் கடலின் கீழ்க்கரையிலே வழங்கும் லிதுவேனிய மொழியும் லத்விய மொழியும் இன்று வாழும் பால்டிக் மொழிகள். இவற்றின் உடன்பிறப்பான பழைய பிரசிய மொழி 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலே வழக்கொழிந்தது. இம்மொழிகளின் அடிப்படைச் சொற்கள் பலவும் இலத்தீன் சொற்களை வியப்பூட்டும் அளவுக்கு ஒத்திருக்கின்றன. ஒப்புமை மெய். ஆனால் அம்மெய்யிலிருந்து எத்தகைய முடிவுகள் பெறப்பட்டன, அம்முடிவுகளாலே வாழ்ந்தவர் யார், தாழ்ந்தவர் யார் என்பனவே நாம் இங்கு ஆராய எடுத்துக்கொண்ட பொருள்.

ஒப்புமையைச் சில சொற்களாலே காட்டலாம். தீயை இலத்தீனர் 'இக்னிஸ்' என்றனர்; லிதுவேனியர் 'உக்னிஸ்' என்பர்; லத்வியர் 'உகுன்ஸ்' என்பர். ஆண்மகன் இலத்தீனில் 'விர்', லிதுவேனியத்தில் 'வீராஸ்'. கடவுள் இலத்தீனில் 'தெயுஸ்', அதன் பழைய வடிவம் 'தெய்வொஸ்', லிதுவேனியத்தில் 'தியெவாஸ்'. பல் முன்னதில் 'தென்ஸ்', வேற்றுமை ஏற்கும்போது 'தெந்திஸ்', பின்னதில் 'தந்திஸ்'. சக்கரம் முன்னதில் 'ரோதா', பின்னதில் 'ராதாஸ்'. வண்டியின் அச்சு முன்னதில் 'அக்ஸிஸ்', பின்னதில் 'அஷிஸ்'. நுகத்தடி முன்னதில் 'யுகும்', பின்னதில் 'யுங்காஸ்'. அக்கினி, வீரன், தெய்வம், தந்தம், ரதம், அச்சு என வடமொழி வழியாக நம் வழக்கிலே கலந்துவிட்ட சொற்களை அறிந்த தமிழ் வாசகருக்கு இப்பட்டியல் அந்நியமாகத் தோன்றாது. இம்மொழிகளெல்லாம் இந்தோ ஐரோப்பிய மொழிக்குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதை இன்று பாடசாலை மாணவனும் அறிவான். ஆனால் 16ஆம் நூற்றாண்டிலே அதனை அறிந்தவர் எவருமிலர்.

அந்நூற்றாண்டின் நடுப்பகுதியில், ஏறத்தாழ 1550ஆம் ஆண்டளவில், லிதுவேனியன் மிக்காலோ என்னும் புனைபெயர் பூண்ட ஒருவர் இலத்தீன் மொழியிலே ஒரு நூல் எழுதினார். தாத்தாரியர், லிதுவேனியர், மாஸ்கோவியர் ஆகிய மூன்று மக்களின் ஒழுகலாறுகளைப் பற்றியது அந்நூல். மன்னன் சிகிஸ்மண்ட் அகஸ்டஸுக்கென எழுதப்பெற்ற அதன் பகுதிகள் 1615இல் பாசெல் நகரிலே அச்சேறின. தம் நாட்டவர் உரோமரின் வழித்தோன்றல்கள் என்று நிறுவ முற்பட்ட ஆசிரியர், இலத்தீனுக்கும் லிதுவேனியத்துக்கும் பொதுவானவை எனத் தாம் கருதிய சொற்களை நீண்டதொரு பட்டியலாகத் தந்தார். ஒப்பியன் மொழிநூல் பிறப்பதற்கு இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னரே எழுந்த பட்டியல் அது. இன்றைய ஆராய்ச்சி அதிலுள்ள சொற்களிற் பலவற்றை உறவுச் சொற்களென ஏற்றுக்கொள்கிறது. அவ்வகையில் மிக்காலோவின் செவி கூரியது என்பதை நாம் தயக்கமின்றி ஒப்புக்கொள்ளலாம்.

செவி கூரியதாயினும் முடிவு பிழையானது. உரோமரிடமிருந்து லிதுவேனியர் பிறந்தனர் என்னும் கதையை அவர் புதிதாகப் படைத்தாரல்லர். அவருக்கு முன்னரே அக்கதை அரண்மனைகளிலும் மாளிகைகளிலும் உலவியது. நீரோ மன்னனின் கொடுமைக்கு அஞ்சிய பலேமோன் என்னும் உரோமப் பிரபு, ஐந்நூறு உயர்குடியினரோடு கப்பலேறி வடகடல் வழியாக வந்து லிதுவேனியாவிலே குடியேறினான் என்று அக்காலத்து வரலாற்றேடுகள் கூறின. கப்பலிலே வந்தவர்கள் உயர்குடியினர் என்பது மனங்கொளத்தக்கது. அக்கதையிலே உழவனுக்கு இடமில்லை. போலந்துப் பிரபுக்களோடு சரிநிகராக அமர விரும்பிய லிதுவேனியப் பிரபுக்களுக்கு ஒரு பழம்பெருமை தேவைப்பட்டது. பலேமோன் அதனை அளித்தான். மொழியொப்புமை அக்கதைக்குச் சாட்சியாக அழைக்கப்பட்டது.

சாட்சியை நாம் குறுக்குவிசாரணை செய்வோம். லிதுவேனியம் இலத்தீனின் மகள் என்பது உண்மையாயின், லிதுவேனிய ஒலிகள் யாவற்றையும் இலத்தீன் ஒலிகளிலிருந்து வருவிக்க இயலவேண்டும். சகோதரன் இலத்தீனில் 'ஃபிராதெர்', லிதுவேனியத்தில் 'புரோலிஸ்'. இங்கே இலத்தீனின் ஃபகர ஒலிக்கு நேராக இதழொலி நிற்கிறது. புகை இலத்தீனில் 'ஃபூமுஸ்', லிதுவேனியத்தில் 'தூமாய்'. கதவு இலத்தீனில் 'ஃபோரிஸ்', லிதுவேனியத்தில் 'துரிஸ்'. இங்கே அதே ஃபகரத்துக்கு நேராகப் பல்லொலி நிற்கிறது. ஒரே ஒலி எவ்விடத்தில் இதழொலியாகவும் எவ்விடத்தில் பல்லொலியாகவும் திரியவேண்டும் என்பதை லிதுவேனிய உழவன் எங்ஙனம் அறிந்தான்? வடமொழியை நோக்கின் விடை கிடைக்கிறது. அங்கும் சகோதரனைக் குறிக்கும் 'பிராதா' இதழொலியோடும், 'தூமம்', 'துவாரம்' என்பன பல்லொலியோடும் தொடங்குகின்றன. ஆதியில் வெவ்வேறாயிருந்த ஒலிகள் இலத்தீனிலே சொல்லின் முதலில் ஒன்றாய்க் கலந்துவிட்டன. லிதுவேனியத்திலே இதழொலியும் பல்லொலியும் பிரிந்தே நின்றன. கலந்துபோனதிலிருந்து பிரிந்து நிற்பதை வருவித்தல் இயலாது. ஆகவே லிதுவேனியம் இலத்தீனின் மகளாதல் இயலாது.

இதனைக் கொண்டு லிதுவேனியமே மூத்தது, இலத்தீன் அதன் மகள் என்று எதிர்வாதம் செய்யவும் இடமில்லை. இலத்தீனில் செம்மறி 'ஒவிஸ்', கண் 'ஒக்குலுஸ்', இரவு 'நொக்ஸ்', சக்கரம் 'ரோதா'. இவை ஒகர ஓசையுடையன. அச்சு 'அக்ஸிஸ்', பாம்பு 'அங்குயிஸ்', உழுதல் 'அராரே'. இவை அகர ஓசையுடையன. லிதுவேனியத்திலோ இவ்வேழும் முறையே அவிஸ், அக்கிஸ், நாக்திஸ், ராதாஸ், அஷிஸ், அங்கிஸ், அர்த்தி என ஒரே அகர ஓசையுடன் ஒலிக்கின்றன. இங்கே கலந்துபோனது லிதுவேனியத்தில். பிரிந்து நிற்பது இலத்தீனில். ஒருவர் இழந்ததை மற்றவர் காத்திருக்கின்றார். மற்றவர் இழந்ததை இவர் காத்திருக்கின்றார். தாயும் மகளும் அவ்வாறிரார். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் இருவர், குடும்பச் சொத்தை வெவ்வேறு விதமாகச் செலவிட்ட நிலையே இது. அத்தாய்மொழி எழுத்திலே எங்கும் எஞ்சவில்லை. பிள்ளைகளின் சாயலைக் கொண்டே அதனை நாம் உய்த்துணர்கிறோம்.

உறவு ஒழுங்கினால் அறியப்படுவது, ஓசையினால் அறியப்படுவதன்று. இலத்தீனின் ககரம் நிற்குமிடங்களிற் பலவற்றில் லிதுவேனியத்தில் 'ஷ்' என்னும் ஒலி நிற்கும். நூறு முன்னதில் 'கெந்தும்', பின்னதில் 'ஷிம்தாஸ்'. பத்து முன்னதில் 'தெகெம்', பின்னதில் 'தெஷிம்த்'. இதயம் முன்னதில் 'கோர்திஸ்' என வேற்றுமை ஏற்கும், பின்னதில் 'ஷிர்திஸ்'. ரூபாவின் நூற்றிலொரு பங்கை நாம் அழைக்கும் 'சதம்' என்னும் வடசொல்லும் இவ்வரிசையைச் சேர்ந்ததே. அவ்வாறே இலத்தீனின் ஹகரத்துக்கு நேராக லிதுவேனியத்தில் ஜகரத்தையொத்த ஒலி வரும். குளிர்காலம் முன்னதில் 'ஹியெம்ஸ்', பின்னதில் 'ஜியெமா'. நிலம் முன்னதில் 'ஹுமுஸ்', பின்னதில் 'ஜெமே'. இமயத்தின் பெயரிலுள்ள 'ஹிம' என்னும் பனியும் இக்குளிரின் உறவே.

ஒழுங்கை விட்டு ஓசையை மட்டும் நம்புவோர் விழும் குழி ஆழமானது. 'அவிஸ்' என்னும் சொல் இலத்தீனிலும் உண்டு, லிதுவேனியத்திலும் உண்டு. ஓசையில் வேற்றுமையில்லை. ஆனால் இலத்தீனில் அதன் பொருள் பறவை, லிதுவேனியத்தில் செம்மறி. ஒலியால் ஒன்றாகிய இவை உறவற்றவை. ஒலியால் வேறான 'ஒவிஸ்', 'அவிஸ்' என்பனவே உறவுடையவை. நம் மொழியிலிருந்தும் ஒரு சான்று காட்டலாம். 'எட்டு' என்னும் எண்ணுப்பெயர் ஆங்கிலேயரின் 'எய்ட்' என்பதனை ஒத்திருப்பதைக் கண்டு மகிழ்வோர் உண்டு. எண்பது, எண்ணூறு என்னும் வடிவங்களை நோக்கினால் அச்சொல்லின் அடி 'எண்' என்பது புலப்படும். ஆங்கிலச் சொல்லோ இலத்தீனின் 'ஒக்தோ', லிதுவேனியத்தின் 'அஷ்துவோனி', வடமொழியின் 'அஷ்ட' ஆகியவற்றின் இனம். இரு வழிப்போக்கர் சந்தியிலே ஒரு கணம் முகம் ஒத்துத் தோன்றியதற்கு மேலான உறவு அங்கில்லை.

இனி மிக்காலோவின் பட்டியலுக்குத் திரும்புவோம். அதிலுள்ள சொற்கள் எவ்வகையின? தீ, ஞாயிறு, இரவு, கண், செவி, மூக்கு, பல் என்பன போன்ற இயற்கைப் பெயர்களும் உறுப்புப் பெயர்களும் ஒரு புறம். மறு புறம் உழுதது, விதைத்தது, விதை, பருப்பு, ஆளி, சணல், செம்மறி, நுகம், அச்சு, சக்கரம் என்பன. சணலைக் குறிக்கும் பெயர் போன்ற சில, பண்டமாற்றோடு நாடு நாடாய்த் திரிந்த சொற்களாதலின் அவற்றை இரத்த உறவாகக் கொள்ளலாகாது. எஞ்சியவற்றை நோக்குக. வயலிலும் தொழுவத்திலும் வண்டிப்பாதையிலும் நாள்தோறும் புழங்கிய சொற்கள் அவை. மாளிகையிலே பிரபு பேசிய மொழி வரவரப் போலிஷ் ஆகிக்கொண்டிருந்தது. அரசாங்க ஏடுகளின் மொழி ருதேனியம் எனப்படும் கீழைச் சிலாவியம். கோவிலின் மொழி இலத்தீன். 'அவிஸ்' என்றும் 'யுங்காஸ்' என்றும் சொல்லிக்கொண்டிருந்தவருட் பெரும்பாலோர், நிலத்தோடு பிணைக்கப்பட்டிருந்த குடியானவரே. பிரபுவின் உரோம வம்சாவளிக்கு வேண்டிய சான்றுகள் யாவும் பண்ணையடிமையின் வாயிலிருந்து எடுக்கப்பட்டவை. வயலின் விளைச்சலைப் போலவே சொல்லின் விளைச்சலும் களஞ்சியத்துக்குச் சென்றது.

சென்ற பின் நடந்தது யாது? உழவனின் மொழி இத்துணைப் பெருமையுடையதாயின் அதனை எழுதுங்கள், அதிலே சட்டம் செய்யுங்கள், அதிலே பிள்ளைகளுக்குக் கல்வி புகட்டுங்கள் என்ற முடிவுக்கன்றோ வந்திருக்க வேண்டும்? பிரபுக்களின் அறிஞர்கள் அம்முடிவுக்கு வரவில்லை. வில்னியஸ் நகரின் உயர் அலுவலராயிருந்த அகஸ்தீனுஸ் ரொத்துந்துஸ் 1576இல் லிதுவேனியச் சட்டத்தொகுதியின் இலத்தீன் மொழிபெயர்ப்புக்கு எழுதிய முன்னுரையிலே, லிதுவேனியர் இத்தாலியரின் வழிவந்தோராதலின் இலத்தீனே அவர்க்குரிய மொழி என வாதித்தார். உழவனின் சொல் இலத்தீனைப் போன்றிருக்கிறது. ஆகவே உழவனின் சொல்லை விடுத்து இலத்தீனைக் கொள்க. இதுவே அவ்வாதத்தின் சாரம். 1588ஆம் ஆண்டின் மூன்றாம் சட்டத்தொகுதி ருதேனிய மொழியிலே வெளிவந்தது; அது பண்ணையடிமைமுறையை மேலும் இறுக்கியது. தன் மொழியால் எசமானுக்கு உரோமப் பட்டம் பெற்றுக்கொடுத்தவன், தன்னைக் கட்டிய சட்டத்தைத் தன் மொழியிலே வாசிக்கவும் இயலாதவனாயிருந்தான்.

அதே காலத்தில் வேறொரு போக்கும் இருந்தது. 1547இல் கோனிக்ஸ்பேர்க் நகரிலே மார்த்தீனாஸ் மாஜ்விதாஸ் வெளியிட்ட ஞானோபதேச நூலே லிதுவேனிய மொழியில் அச்சேறிய முதல் நூலாகும். சமயப் பிரசாரமே அதன் நோக்கம் என்பது உண்மை. எனினும் எழுத்தறியாத மக்களை நோக்கி அவர்தம் மொழியிலேயே பேச முற்பட்டது அந்நூல். எழுத்தைக் கற்பிக்கும் பகுதியும் அதிலிருந்தது. சமயச் சீர்திருத்தம் பொதுமக்கள் மொழியை நாடிய காலத்தின் குரல் அது. 1653இல் அச்சேறிய முதல் லிதுவேனிய இலக்கணத்தைத் தானியேல் கிளைன் இலத்தீன் மொழியிலேயே எழுத நேர்ந்தது. இலத்தீன் அறிவு அங்கே மக்கள் மொழிக்குக் கருவியாய் நின்றது. ஒரே இலத்தீன், ஒருவர் கையிலே அது வம்சப் பட்டயம், மற்றவர் கையிலே கலப்பை.

சொற்களின் பிறப்பு இன்னுமோர் உண்மையையும் உணர்த்துகிறது. உழவு, விதைப்பு, சக்கரம் என்பவற்றைக் குறிக்கும் லிதுவேனியச் சொற்கள் பரம்பரைச் சொத்தாயிருக்க, அதிகாரத்தைக் குறிக்கும் சொற்கள் பல வெளியிலிருந்து வந்தவையாயிருக்கின்றன. அரசனைக் குறிக்கும் 'கராலியுஸ்', பிராங்கியப் பேரரசன் கார்லின் இயற்பெயர் சிலாவிய மொழிகள் வழியாக வந்தமையின் விளைவு. இன்று குருவானவரைக் குறிக்கும் 'குனிகாஸ்' என்பது முற்காலத்தில் தலைவனைக் குறித்தது. அது ஜேர்மானிய இனச் சொல். ஐயா என்னும் பொருளில் வழங்கும் 'போனாஸ்' போலிஷ் மொழியின் 'பான்'. லத்வியரின் 'குங்ஸ்' என்னும் எசமானும் ஜேர்மன் வழி வந்தவனே. இலத்தீனிலும் வடமொழியிலும் அரசனைக் குறிக்கும் 'ரேக்ஸ்', 'ராஜா' என்னும் பழஞ்சொல்லுக்கு நேரான பரம்பரைச் சொல் லிதுவேனிய வழக்கிலில்லை.

ஆயினும், உழைப்புச் சொல் யாவும் உள்ளூர், அதிகாரச் சொல் யாவும் இறக்குமதி என்று சூத்திரம் வகுத்துவிடல் ஆகாது. ஆய்வாளன் தன் கொள்கைக்கு இசையாத சான்றை மறைத்தல் மிக்காலோவின் வழியிலே செல்வதாகும். ஆண்டவன் என்னும் பொருளுடைய 'வியெஷ்பாத்ஸ்' என்னும் லிதுவேனியச் சொல் தொன்மையான பரம்பரைச் சொல். அதன் ஈற்றிலுள்ள 'பாத்ஸ்' நாம் அறிந்த 'பதி' என்பதன் உறவு. குலத்தின் தலைவன் என்னும் ஒருவன் அப்பழைய சமுதாயத்திலேயே இருந்தான் என்பதற்கு அச்சொல் சான்று. சமத்துவப் பொற்காலம் ஒன்றை மொழிநூலிலே தேடுவோருக்கு அது ஏமாற்றமளிக்கும். அதே வேளை, மக்கட்கூட்டத்தைக் குறிக்கும் 'தௌதா' என்னும் பால்டிக் சொல்லும் பரம்பரைச் சொல்லே. இத்தாலியிலே இலத்தீனுக்கு அயலில் வழங்கிய ஒஸ்க மொழியிலும் அதன் இனச்சொல் உண்டு. இலத்தீன் அதனைக் கைவிட்டு 'பொப்புலுஸ்' என்பதைக் கொண்டது.

இலத்தீன் என்றதும் கம்பீரமான பேரரசும் பளிங்குத் தூண்களும் நம் கண்முன் தோன்றும். அம்மொழியும் நாட்டுப்புறத்துக்குக் கடன்பட்டதே. ஓநாய் லிதுவேனியத்தில் 'வில்காஸ்'. ஒலிமுறைப்படி இலத்தீனில் அங்கே 'க்வ' என்னும் ஒலி வருதல் வேண்டும். வந்திருப்பதோ பகரம்: 'லுப்புஸ்'. மாடு லத்வியத்தில் 'கோவ்ஸ்'. நாமறிந்த 'கோ' என்னும் வடசொல்லும் அதுவே. முறைப்படி இலத்தீனில் அது வகரத்தோடு தொடங்குதல் வேண்டும். வழங்கியதோ இதழொலியோடு தொடங்கும் 'போஸ்'. இவ்விரு ஒலித்திரிபுகளும் உரோமாபுரியை அடுத்து வாழ்ந்த அயலாரின் கிளைமொழிகளுக்கே உரியன. மாட்டையும் ஓநாயையும் நன்கறிந்த மேய்ப்பர்களிடமிருந்து நகரம் சொற்களைப் பெற்றுக்கொண்டது என்று அறிஞர் கருதுவர். உலகை ஆண்ட மொழியின் தொழுவத்திலே நின்ற மாடும் அயலூர் மாடுதான்!

19ஆம் நூற்றாண்டிலே மொழிநூல் அறிவியலாக வளர்ந்தது. பிரான்ஸ் பொப் 1833இல் வெளியிடத் தொடங்கிய ஒப்பிலக்கணத்திலே லிதுவேனியம் வடமொழி, கிரேக்கம், இலத்தீன் ஆகியவற்றோடு ஒப்பிட்டு நோக்கப்பட்டது. ஆகுஸ்த் ஷ்லைகர் 1852இல் பிரசிய லிதுவேனியாவுக்கு நேரிற் சென்று குடியானவரின் வாய்மொழியைக் கேட்டெழுதி, 1856இல் அம்மொழிக்கு ஓர் இலக்கணம் வெளியிட்டார். ஃபெர்டினாண்ட் டி சொசூரும் லிதுவேனியச் சொல்லழுத்தத்தை நுணுகி ஆராய்ந்தார். பலேமோன் கதை இவர்களாலே முற்றிலும் வீழ்ந்தது. மொழியறிஞன் குடியானவன் முன் மாணவனாய் அமர்ந்தமை போற்றத்தக்க மாற்றமாகும்.

ஆனால் இம்மாற்றத்தோடு ஒரு புதிய மயக்கமும் புகுந்தது. லிதுவேனியக் குடியானவன் ஆதிமொழியை அப்படியே பேசுகிறான், அவன் வாழும் தொல்பொருட்சாலை என்னும் எண்ணம் பரவியது. ஷ்லைகர் 1868இல் தாம் மீட்டமைத்த ஆதிமொழியிலே ஆடும் குதிரைகளும் பேசும் சிறுகதை ஒன்றை இயற்றினார். அதில் ஆட்டுக்கு அவர் கொண்ட பெயர் 'அவிஸ்', லிதுவேனியத்தில் உள்ளவாறே. பின்வந்த ஆய்வு, ஒகரமே ஆதியானது, இலத்தீனின் 'ஒவிஸ்' அவ்விடத்திலே பழமையைக் காத்தது என்று காட்டியது. லிதுவேனியம் பெயர்ச்சொற்களின் அஃறிணைப்பாலை இழந்தது. இடத்தைக் குறிக்கும் புதிய வேற்றுமை வடிவங்களைப் படைத்துக்கொண்டது. வாழ்கிற மொழி எதுவும் உறைந்து கிடப்பதில்லை. பேசுகிறவனைப் பழம்பொருளாகக் கண்டவர்க்கு அவன் பசியும் உரிமையும் எளிதில் புலப்படுவதில்லை. ஷ்லைகரின் இலக்கணம் வெளிவந்தபோது எல்லைக்கப்பால், ருஷ்யப் பேரரசின்கீழ் இருந்த லிதுவேனியாவிலே பண்ணையடிமைமுறை ஒழியவில்லை. அது ஒழிந்தது 1861இல்.

ஒழிந்து மூன்றாண்டுகளுக்குள் வேறொரு தளை விழுந்தது. 1863ஆம் ஆண்டுக் கிளர்ச்சியை அடக்கிய ஜார் ஆட்சி, 1864 முதல் லிதுவேனிய நூல்களை இலத்தீன் எழுத்தில் அச்சிடுவதைத் தடைசெய்து, ருஷ்ய எழுத்தைத் திணித்தது. 1904 வரை நாற்பதாண்டுகள் அத்தடை நீடித்தது. ஒருகாலத்தில் பிரபுக்கள் தம் பெருமைக்காக அழைத்த இலத்தீன், இப்போது இருபத்துச் சொச்சம் எழுத்துகளின் வடிவிலே ஏழைகளின் உரிமைப் பொருளாயிற்று. எல்லைக்கப்பால் தில்சித் முதலிய பிரசிய நகரங்களில் அச்சான நூல்களைக் குடியானவர்கள் மூட்டைகளிற் கட்டி இரவோடிரவாகச் சுமந்து வந்தனர். அகப்பட்டவர்கள் சிறையும் நாடுகடத்தலும் கண்டனர். 'நூல் சுமப்போர்' என்று அவர்களை அந்நாடு இன்றும் நினைவுகூர்கிறது. யோனாஸ் யப்லொன்ஸ்கிஸ் 1901இல் வெளியிட்ட, இன்றைய பொதுமொழிக்கு அடித்தளமிட்ட இலக்கணமும் புனைபெயரோடு தில்சித்திலேதான் அச்சேறியது. மிக்காலோவும் ரொத்துந்துஸும் செய்ய மறந்ததை மூட்டை சுமந்தோர் செய்து முடித்தனர்.

லத்வியரிடையேயும் இவ்வாறே. ஜேர்மன் நிலப்பிரபுக்களின் ஆதிக்கத்திலே பல நூற்றாண்டுகள் அல்லலுற்ற அம்மக்களின் வாய்மொழிப் பாடல்களைக் கிரிஷ்யானிஸ் பாரொன்ஸ் தொகுத்து, 1894 முதல் 1915 வரை வெளியிட்டார். அச்சேறிய பாடல்களின் தொகை 217,996. நாலடியில் அடங்கும் அச்சிறுபாடல்களிலே தீயும் கண்ணும் நிலமும் குளிர்காலமும் 'உகுன்ஸ்', 'அத்ஸ்', 'ஜெமெ', 'ஜீமா' என்று ஒலிக்கின்றன. இலத்தீனோடு ஒப்பிடத்தக்க தொன்மை அவற்றில் உண்டு. ஆனால் பாடியவர்கள் அதற்காகப் பாடவில்லை. நெசவிலும் அறுவடையிலும் திருமணத்திலும் சாவிலும் பாடினர்.

பழைய பிரசிய மொழிக்கு அத்தகைய வாய்ப்புக் கிட்டவில்லை. 13ஆம் நூற்றாண்டிலே ஜேர்மன் சமயப் போர்வீரர்களால் வெல்லப்பட்ட அம்மக்களின் மொழியில், ஏறத்தாழ எண்ணூறு சொற்களைக் கொண்ட ஒரு சொற்பட்டியலும், 1545இலும் 1561இலும் அச்சேறிய மூன்று ஞானோபதேச நூல்களும், வேறு சில துணுக்குகளுமே எஞ்சின. அச்சொற்பட்டியலின் முதற்சொல் கடவுளைக் குறிக்கும் 'தெய்விஸ்'. பழைய இலத்தீனின் 'தெய்வொஸ்' என்பதை இத்துணை நெருங்கி நின்ற சொல் வேறெங்கும் கிடைப்பதரிது. அந்நெருக்கம் அம்மொழியைக் காப்பாற்றவில்லை. வேர்ச்சொல்லின் தொன்மை எந்த மொழிக்கும் கவசமாவதில்லை. பேசுகிறவனுக்கு நிலமும் எழுத்தும் இருத்தலே அதற்குக் கவசம்.

ஈழத்து வாசகருக்கு இவ்விவகாரம் தொலைதூரத்ததன்று. தீயைக் 'கினி' என்றும் புகையைத் 'தும' என்றும் பல்லைத் 'தத' என்றும் வழங்கும் சிங்களமொழி, 'உக்னிஸ்', 'தூமாய்', 'தந்திஸ்' என்னும் லிதுவேனியத்தோடு ஒரே குடும்பத்தைச் சேர்ந்தது. இம்மொழியுறவை இரத்தவுறவாக்கி, 'ஆரியர்' என்னும் பெயரால் பெருமை பேசும் போக்கு இந்நாட்டிலே வளர்க்கப்பட்டதை நாமறிவோம். அப்பெயரைப் பரப்பியோருள் முதன்மையான மாக்ஸ் முல்லரே, அது மொழியைக் குறிப்பதன்றி இனத்தையோ மண்டையோட்டையோ குறிப்பதன்று என 1888இல் வலியுறுத்தினார். மறுபுறத்தே, ஓசையொத்த சொற்களை அடுக்கி உலகமொழிகள் யாவும் தமிழிலிருந்து பிறந்தன என்று முழங்கும் நம்மவரும் பலேமோனின் கப்பலிலேயே பயணம் செய்கின்றனர். இரு சாராரும் முன்னோரின் பெருமையைப் பேசுந்தோறும், வயலிலும் தோட்டத்திலும் உழைப்பவன் தன் மொழியிலே கச்சேரியில் விண்ணப்பம் எழுதவும் நீதி கேட்கவும் இயல்கிறதா என்னும் கேள்வி பின்தள்ளப்படுகிறது.

வேர்ச்சொல்லாராய்ச்சியை நாம் கைவிடவேண்டியதில்லை. அதனைச் செம்மையாகச் செய்தலே வேண்டுவது. இலத்தீனில் மனிதன் 'ஹொமோ', நிலம் 'ஹுமுஸ்'. லிதுவேனியத்தில் மனிதன் 'ஜ்மோகுஸ்', நிலம் 'ஜெமே'. இரு மொழிகளும் மனிதனை மண்ணைச் சேர்ந்தவன் என்றே பெயரிட்டழைக்கின்றன. ஆண்டின் எட்டாம் மாதத்தை லத்வியர் 'அவுகுஸ்த்ஸ்' என்று உரோமப் பேரரசனின் பெயரால் அழைக்க, லிதுவேனியர் 'ருக்பியூதிஸ்' என்பர். 'ருகியாய்' என்னும் தானியத்தை அறுக்கும் காலம் என்பது அதன் பொருள். பேரரசன் மறைந்து இரண்டாயிரம் ஆண்டுகள் கழிந்துவிட்டன. அறுவடை ஆண்டுதோறும் நடக்கிறது. அதனைச் செய்பவர்கள் இன்று அம்மாதத்தின் பெயரைத் தம் மொழியிலே, தம் எழுத்திலே எழுதவும் செய்கின்றனர்.